போன் வாங்கும் முன்: பெட்டியில் எழுதாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

வால்பாறைப் பெண் · சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் போன் வாங்க வேண்டும். 15,000 ரூபாய் வைத்திருக்கிறேன், இழுத்துப் பிடித்தால் 16,000. அப்பா வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் கோவையில் இருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஆன்லைன் தள்ளுபடியில் நானேதான் ஒரு போன் எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் 4 கேமரா, 5000 எம்ஏஎச் பேட்டரி, எட்டு கோர் பிராசசர் என்று பக்கம் முழுக்கப் பெருமை பேசியிருந்தார்கள். எழுதியதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அப்பா பட்ட பாடு வேறு. பேசிக்கொண்டே இருக்கும்போது கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படும், இல்லையென்றால் மியூட் ஆகிவிடும். ஒன்றரை வருடத்தில் வாட்ஸ்அப் திறக்கவே அரை நிமிடம் ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக, லைன் வீட்டுப் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) பக்கத்தில் பிஎஸ்என்எல் 4ஜி வந்து பக்கத்து வீட்டு மாமா வீடியோ காலில் பேரனைப் பார்க்கிறார். அப்பாவின் போனில் மட்டும் இன்னும் 2ஜிதான். சிம்மை மாற்றிக் கொடுத்தும் அதே கதை.

இது என் தப்பு என்றே நினைக்கிறேன். இருப்பதை மட்டும் படித்தேன், என்ன இல்லை என்று தேடவில்லை. இந்த முறை தேடிவிட்டுத்தான் வாங்கப் போகிறேன். எங்கே தேடுவது, எதைத் தேடுவது என்று சொல்லுங்கள்.

அப்பாவின் தேவை: பிஎஸ்என்எல் சிம், கூடவே ஜியோ சிம், பழைய பாட்டு நிறைந்த மெமரி கார்டு, கோடை பண்பலை, வாட்ஸ்அப், என்னுடன் வீடியோ கால், வங்கிச் செயலி. கேம் கிடையாது.

சிலிக்கான் தம்பி · சனி, இரவு 10.05

அக்கா, எந்தெந்த மாடல் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று பெயரைச் சொல்லுங்கள். ஆன்டுட்டு ஸ்கோரை (போனின் வேகத்தை அளந்து ஒரு செயலி தரும் மதிப்பெண்) வைத்து எது நல்லது என்று இப்போதே சொல்லிவிடலாம்.

வால்பாறைப் பெண் · சனி, இரவு 10.20

தம்பி, பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் இழை பிராண்ட் சண்டையாக மாறிவிடும். அதோடு ஆறு மாதம் கழித்து இதைப் படிக்கிறவருக்கு அந்த மாடல் கடையிலேயே இருக்காது. தேடும் முறையைக் கற்றுக்கொண்டால் அடுத்து அம்மாவுக்கு வாங்கும்போதும் உதவும்.

அலைவரிசை · ஞாயிறு, காலை 6.30

அம்மா, தொலைத்தொடர்பில் டவர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அப்பாவின் 2ஜி பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை இளைஞர்கள் சொல்லட்டும்.

போன் என்பது முதலில் ஒரு ரேடியோ. டவர் எந்த அலைவரிசையில் பேசுகிறதோ அதைக் கேட்கும் காது போனில் இருக்க வேண்டும். 4ஜியில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு எண் உண்டு, பேண்ட் என்பார்கள். ஜியோ 4ஜிக்கு 3, 5, 40. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 28, 1, 41. இதில் 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். குறைந்த அலைவரிசை ஆனதால் மரம், சுவர், மேடு பள்ளம் தாண்டி நெடுந்தூரம் போகும். மலைக்கு ஏற்றது அதுதான்.

சிக்கல் எங்கே என்றால், நம் நாட்டில் பிஎஸ்என்எல்லுக்கு முன்னால் யாரும் 4ஜியை 700-இல் கொடுக்கவில்லை. அதனால் இந்தியாவில் விற்ற பல விலை குறைந்த போன்களில் பேண்ட் 28-ஐ விட்டுவிட்டார்கள். அப்போது யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. உங்கள் பக்கத்து டவர் 28-இல் ஒலிபரப்பினால் அப்பாவின் போனுக்கு அந்த டவரில் 4ஜி இருப்பதே தெரியாது. 2ஜி மட்டும் கேட்கும், அதையே பிடித்துக்கொள்ளும். சிம்மை நூறு முறை மாற்றினாலும் பலன் இல்லை.

பார்க்கும் விதம் இது. போனின் விற்பனைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து ஒரு மாடல் எண் இருக்கும். அதை வைத்து நிறுவனத்தின் இந்தியப் பக்கத்தில் விவரக்குறிப்பைத் திறந்து, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போங்கள். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் கடைசியில், சின்ன எழுத்தில் இருக்கும். 4ஜிக்கு ஒரு வரி, 5ஜிக்கு ஒரு வரி. 5ஜி வரியில் என்28 இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது ஜியோவின் 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்கு. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி வரியில் தனியாக 28 இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. பேண்ட் இருந்தால் மட்டும் போதாது, 4ஜியிலேயே குரல் அழைப்பு போக வோல்ட்டி வேண்டும். அந்த நிறுவனத்தின் வோல்ட்டியைப் போனின் மென்பொருள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இணையம் 4ஜியில் ஓடும், அழைப்பு வரும்போது 2ஜிக்கு இறங்கும். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை, அதனால் அங்கே வோல்ட்டி இல்லாமல் அழைப்பே கிடையாது. இந்த ஒரு விஷயத்தை எந்தப் பட்டியலும் தெளிவாகச் சொல்லாது. அதே மாடலைப் பிஎஸ்என்எல் சிம்மோடு வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்பதுதான் வழி.

வால்பாறைப் பெண் · ஞாயிறு, காலை 8.10

ஐயா, இப்போதுதான் பழைய போனின் விவரக்குறிப்பைத் திறந்து பார்த்தேன். 4ஜி வரியில் 1, 3, 5, 8, 40, 41. 28 இல்லை. மூன்று வருடமாக யார் யாரையோ குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பார்த்து வைத்திருந்த மூன்று புதுப் போன்களில் ஒன்று இதிலேயே அடிபட்டுப் போனது. மிக்க நன்றி.

கவுண்டர்வாசி · ஞாயிறு, காலை 11.15

நான் ஒரு போன் கடையில் கவுண்டரில் நிற்பவன், பதினோரு வருடம் ஆகிறது. தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன்: பட்டியலில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதது நிறைய இருக்கிறது. அதற்குக் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆன்லைனில் வாங்கினாலும் பரவாயில்லை, தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் வாங்குங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

கன்னம் பட்டுத் துண்டிப்பதற்குக் காரணம் பிராக்ஸிமிட்டி சென்சார். காதருகே போனைக் கொண்டுபோனதும் திரையை அணைப்பது அதன் வேலை. முன்பெல்லாம் மேல் விளிம்பில் ஒரு சின்னப் புள்ளியாக நிஜ சென்சார் வைப்பார்கள். இப்போது செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரும் மைக்கும் மற்ற சென்சார்களும் தரும் தகவலை வைத்து மென்பொருளே ஊகிக்கும் முறையைப் பல போன்களில் போட்டிருக்கிறார்கள். பட்டியலில் இரண்டுக்கும் பிராக்ஸிமிட்டி என்றுதான் இருக்கும். சிலர் நேர்மையாக 'விர்ச்சுவல்' என்று ஒரு சொல் சேர்த்திருப்பார்கள், அதைக் கவனியுங்கள்.

கடையில் சோதிக்க ஒரு நிமிடம் போதும். டெமோ போனில் உங்கள் சிம்மைப் போட்டு யாரையாவது அழையுங்கள். காதில் வைத்துப் பேசிக்கொண்டே போனைச் சற்று விலக்கி, சாய்த்து, மறுபடி காதில் வையுங்கள். தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டும் பேசிப் பாருங்கள், வேலை செய்கிறவர்கள் அப்படித்தானே பேசுவார்கள். நாலைந்து முறை செய்தால் ஒரு முறையாவது திரை எரிந்துகொண்டே கன்னத்தில் படுகிறதா என்று தெரிந்துவிடும்.

சிம் தட்டை ஊசியால் குத்தி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு குழி இருந்து, இரண்டாவது குழியில் சிம் அல்லது கார்டு என்று இருந்தால் அது ஹைப்ரிட். அப்பாவின் இரண்டு சிம்மும் பாட்டுக் கார்டும் ஒன்றாக உட்காராது. மூன்று குழி வேண்டும். 'இரட்டை சிம், மெமரி கார்டு வசதி' என்று இரண்டையும் பட்டியலில் எழுதியிருப்பார்கள். ஒரே நேரத்தில் முடியுமா என்பதைத் தட்டுதான் சொல்லும்.

பண்பலைக்கு வயர் வைத்த இயர்போனைக் கையோடு கொண்டு வாருங்கள். அந்த வயர்தான் ஆன்டெனா. ஹெட்போன் துளை இருந்தாலும் ரேடியோ செயலி இல்லாத போன்கள் உண்டு. சில்லில் (சிப்பில்) வசதி இருந்தும் நிறுவனம் அடைத்து வைத்திருக்கும். 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே போன்களில் பண்பலையை அடைக்காதீர்கள் என்று நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்பியது. அது அறிவுரைதான், அதனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அப்பாவையே கூட்டி வர முடிந்தால் கூட்டி வாருங்கள். உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் இந்தக் கஷ்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். திரைக்கு அடியில் இருக்கும் ஒளி சென்சார், பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கும் சென்சார் இரண்டிலும் அவர் விரலை வைத்துப் பார்க்கட்டும். ஒரே கட்டைவிரலை இரண்டு முறை பதிவு செய்தால் சிலருக்கு எடுக்கிறது.

சிலிக்கான் தம்பி · ஞாயிறு, மதியம் 1.40

நேற்று நான் அவசரப்பட்டு ஸ்கோரைப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் அப்பாவுக்கு அது தேவையே இல்லை. ஆனால் 'வாட்ஸ்அப் திறக்க அரை நிமிடம்' என்ற பகுதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

முதலில் 'எட்டு கோர்'. கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதி. எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, எந்தக் கோர் என்று பார்க்க வேண்டும். ஹீலியோ ஜி35 என்ற சில்லில் எட்டு கோரும் கார்டெக்ஸ் ஏ53 வகை. ஏ53 என்பது 2012-இல் அறிவிக்கப்பட்ட சின்னக் கோர், மின்சாரம் மிச்சம் பிடிக்க வடிவமைத்தது. ஹீலியோ ஜி99-இலும் எட்டு கோர்தான், ஆனால் அதில் இரண்டு பெரிய ஏ76. செயலியைத் திறக்கிற அந்த ஒரு நொடியில் இந்த இரண்டு பெரிய கோர்தான் வேலையைச் செய்கிறது. பெட்டியில் இரண்டுக்கும் 'ஆக்டா கோர்' என்றே இருக்கும்.

பெயர் புதிதாக இருப்பதையும் நம்பக் கூடாது. டைமென்சிட்டி 6080 என்று வந்தது முன்பு டைமென்சிட்டி 810 என்று இருந்த அதே சில்லு. 6020 என்பது பழைய 700. மோசமான சில்லு என்று சொல்லவில்லை, பெயரை மட்டும் பார்த்துப் புதுசு என்று விலை கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது ஸ்டோரேஜ். உண்மையான வில்லன் இதுதான். இஎம்எம்சி, யூஎஃப்எஸ் என்று இரண்டு வகை. இஎம்எம்சி 5.1 படிக்கும் வேகம் நொடிக்கு 300 எம்பி பக்கம்; யூஎஃப்எஸ் 2.2 ஆயிரத்தை நெருங்கும். வேகத்தை விட முக்கியமான வித்தியாசம், இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. பின்னால் வாட்ஸ்அப் குரூப் வீடியோ இறங்கிக்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு செயலியைத் திறந்தால் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். 32 ஜிபி அல்லது 64 ஜிபி நிறைய நிறைய இது இன்னும் மோசமாகும். பட்டியலில் '64 ஜிபி ஸ்டோரேஜ்' என்று மட்டும் போட்டு வகையைச் சொல்லாமல் விட்டிருந்தால் இஎம்எம்சியாக இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

ஒரே போனிலேயே அளவைப் பொறுத்து வகை மாறுவதும் உண்டு. விலை உயர்ந்த கேலக்ஸி எஸ்23-இலேயே 128 ஜிபிக்கு யூஎஃப்எஸ் 3.1, 256 ஜிபிக்கு யூஎஃப்எஸ் 4.0. அதனால் நீங்கள் வாங்கப் போகிற அளவுக்கு எது என்று பார்க்க வேண்டும்.

'4 + 4 ஜிபி ரேம்' என்று போட்டிருப்பதில் இரண்டாவது 4 ரேம் இல்லை. ஸ்டோரேஜில் ஒரு மூலையை ஒதுக்கி ரேம் போல நடிக்க வைப்பது. நிஜ ரேமாக 6 ஜிபி இருந்தால் அப்பாவுக்குப் போதும்.

கவுண்டர்வாசி · ஞாயிறு, மதியம் 2.30

தம்பி சொன்ன கடைசி விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 4 ஜிபி போனில் அந்த வசதியை அணைத்துவிட்டு வந்தவர்கள் பின்னணிச் செயலிகள் சீக்கிரம் மூடிவிடுகின்றன என்று திரும்ப வந்திருக்கிறார்கள். ரேமுக்கு மாற்று இல்லைதான், ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

சிலிக்கான் தம்பி · ஞாயிறு, மதியம் 2.55

சரி அண்ணா, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஸ்டோரேஜ் யூஎஃப்எஸ் ஆக இருந்தால் ஓரளவு உதவும். அதற்காக 4 + 4-ஐ 8 என்று கணக்குப் போட்டு 8 ஜிபி போனுக்கான விலையைக் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பனைமர நிழல் · ஞாயிறு, மாலை 5.20

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அலைவரிசை ஐயா மாடல் எண்ணைப் பார்க்கச் சொன்னார். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கட பக்கத்து உதாரணம் ஒன்று.

நான் ரெட்மி நோட் 13 வாங்க நினைத்து யூடியூபில் தமிழ்நாட்டு விமர்சனங்களாகப் பார்த்தேன். அவர்கள் காட்டியது 5ஜி போன், டைமென்சிட்டி 6080 சில்லு. இங்கே கடையில் அதே பெயரில் 4ஜி போன் வைத்திருந்தார்கள், அதில் ஸ்னாப்டிராகன் 685. பெட்டியில் பெயர் பெரிதாக ஒன்றுதான். நோட் 13 ப்ரோவும் அப்படித்தான், 4ஜியில் ஹீலியோ ஜி99 அல்ட்ரா, 5ஜியில் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2. பெயர் ஒன்று, உள்ளே இரண்டு வேறு போன்கள். யாருடைய விமர்சனத்தைப் பார்த்தாலும் அவர் கையில் இருப்பதும் நாங்கள் வாங்கப் போவதும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவந்து தரும் போன்களிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14-இல் இருந்து சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும் இசிம் மட்டும்தான். சீனாவுக்கென்று வரும் ஆண்ட்ராய்டு போன்களில் பிளே ஸ்டோர் இருக்காது. இலங்கையில் இன்னொரு படியும் உண்டு: ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ அடையாள எண்ணை 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று சொல்வார்கள். காசு கொடுக்க முன்னம் அதைச் செய்ய வேண்டும்.

கவுண்டர்வாசி · ஞாயிறு, மாலை 6.05

இந்தியாவிலும் அதுபோல உண்டு. கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு அனுப்பலாம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். பழைய போன் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் வாங்கவே கூடாது. *#06# அழுத்தினால் எண் திரையில் வரும், பெட்டியில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள்.

இரவு ஷிப்ட் செவிலி · ஞாயிறு, இரவு 11.50

திரை பற்றி யாரும் சொல்லவில்லை. என் அனுபவம் உங்களுக்கு உதவலாம்.

எனக்கு அமோலெட் திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) போன் வாங்கியதில் இருந்து இரவில் தலைவலி. வார்டில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்போம், அப்போதுதான் அதிகம். பல அமோலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நோட்புக்செக் போன்ற தளங்கள் அந்தத் துடிப்பை அளந்து போடுகிறார்கள். எல்லோருக்கும் இந்தத் தொந்தரவு வராது. அப்பா இருட்டில் அதிகம் பார்ப்பவர் என்றால் கடையில் வெளிச்சத்தை மிகக் குறைவாக வைத்துப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். நான் இப்போது பின்னால் விளக்கு எரியும் ஐபிஎஸ் எல்சிடி திரைக்கு மாறிவிட்டேன், கறுப்பு அவ்வளவு கறுப்பாக இல்லை, தலைவலியும் இல்லை.

சாவித்துவாரம் · திங்கள், காலை 9.00

வங்கிச் செயலி இருப்பதால் பாதுகாப்பு அப்டேட்டைப் பாருங்கள். '4 ஆண்டு அப்டேட்' என்று எழுதியிருந்தால் அந்த நான்கு ஆண்டு நீங்கள் வாங்கிய நாளில் இருந்து இல்லை, பெரும்பாலும் அந்த மாடல் முதலில் வெளியான நாளில் இருந்துதான் எண்ணுவார்கள். தள்ளுபடியில் கிடைக்கும் போன் வெளியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தால் உங்களுக்கு மிச்சம் இரண்டரை. வெளியான மாதம், போன் விவரங்களைத் தொகுக்கும் ஜிஎஸ்எம்அரீனா தளத்தில் மாடல் பக்கத்தின் மேலேயே இருக்கும். அதைக் கழித்து, வருடத்துக்கு எவ்வளவு ரூபாய் விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். 2,000 ரூபாய் அதிகமான போன் சில சமயம் மலிவாகிவிடும்.

பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு 7 ஆண்டு தருகிறார்கள், அது நம் பட்ஜெட் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி கொண்டுவந்தது: அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தர வேண்டும். எண்ணத் தொடங்கும் நாளை மாற்றியதுதான் அதில் எனக்குப் பிடித்தது. அங்கே விற்கும் அதே மாடல் இங்கேயும் வந்தால் நிறுவனம் இங்கே என்ன சொல்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

ஒளிமானி · திங்கள், காலை 10.25

கேமராவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 108 மெகாபிக்சல் என்றால் சாதாரணமாக ஒன்பது புள்ளியை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம்தான் வரும். அது தப்பில்லை, வெளிச்சம் குறைந்த இடத்தில் அதனால் நன்மை. பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, 2 மெகாபிக்சல் டெப்த் இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள், எண்ணிக்கைக்காக வைப்பவை. அப்பாவுக்கு வீடியோ கால்தான் முக்கியம் என்றால் முன் கேமராவைக் கடையில் விளக்குக்கு முதுகு காட்டி நின்று பாருங்கள். லைன் வீட்டில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்துதான் பேசுவார்.

வால்பாறைப் பெண் · திங்கள், மதியம் 1.15

நீங்கள் சொன்னது அப்படியே, வாசல் பக்கம் முதுகு காட்டித்தான் உட்காருவார். முகம் இருட்டாகவே தெரியும்.

மழை பற்றி ஒரு கேள்வி. எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கினால் வாரக்கணக்கில் விடாது, மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு பெயரைக் கேட்டிருப்பீர்கள். மிச்சமுள்ள இரண்டு போனில் ஒன்றில் ஐபி54, இன்னொன்றில் ஐபி64 என்று இருக்கிறது. மழையில் எடுத்துப் பேசலாமா?

கவுண்டர்வாசி · திங்கள், இரவு 9.20

முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. இரண்டிலும் தண்ணீர் எண் 4, அதாவது எந்தப் பக்கம் இருந்து தெறித்தாலும் தாங்கும். முக்கி எடுப்பதற்கு இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குவது இரண்டாவது எண் 7-இல் இருந்துதான். 5-இல் இருந்து 6-ஆக மாறியது தூசி விஷயம். தேயிலைத் தூள் பறக்கிற இடம் என்றால் 64 கொஞ்சம் நல்லது.

ஆனால் தங்கச்சி, சோதனை நடப்பது புதுப் போனில், சுத்தத் தண்ணீரில். ஒரு முறை கீழே விழுந்து, ஒரு முறை பின்மூடியைக் கழற்றி ஒட்டியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பொதுவாகத் தண்ணீர் போனதற்கு வாரண்டியும் கிடைக்காது. உத்தரவாத அட்டையில் அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு தூறலில் எடுத்துப் பேசலாம். ஆடி மழையில் ஜிப் கவர்தான்.

சர்வீஸ் சென்டர் எங்கே என்றும் பாருங்கள். வால்பாறையில் இருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. அங்கேயும் இல்லாமல் கோவைக்குத்தான் வர வேண்டும் என்றால் அப்பாவின் ஒரு நாள் கூலியும் போனின் விலையில்தான் சேரும்.

சிலிக்கான் தம்பி · திங்கள், இரவு 9.45

சார்ஜரையும் பாருங்கள் அக்கா. '45 வாட் வேகம்' என்பது போன் ஏற்கும் அளவு. பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா, எத்தனை வாட் என்பது தனி வரியில் இருக்கும், சில பெட்டியில் கேபிள் மட்டும்தான். நிறுவனத்துக்கென்றே உள்ள சார்ஜிங் முறையாக இருந்தால் வேறு சார்ஜரில் மெதுவாகத்தான் ஏறும். அப்புறம், சிக்னல் மெலிந்த இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். அதனால் ஐயா சொன்ன பேண்ட் 28 பேட்டரிக்கும் நல்லது.

வால்பாறைப் பெண் · அடுத்த வாரம் புதன், இரவு 8.30

வாங்கிவிட்டேன். நடந்ததை எழுதாமல் விட்டால் நீங்கள் எழுதியதற்கு மரியாதை இல்லை.

சனிக்கிழமை அப்பா கோவை வந்தார். இரண்டு கடை ஏறினோம். முதல் போனில் எல்லாம் நன்றாக இருந்தது: அமோலெட், ஐபி64, மெலிதான உடம்பு. திரைக்கு அடியில் விரல் சென்சார். அப்பா கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து ஏழெட்டு முறை வைத்தார், ஒரு முறைதான் திறந்தது. 'என் கை சரியில்லைம்மா' என்றார். எனக்குத் தாங்கவில்லை. அவர் கைக்கு ஏற்ற போனைத் தேடத்தானே வந்தோம் என்று அதைக் கீழே வைத்துவிட்டோம். அதில் தட்டும் ஹைப்ரிட்.

இரண்டாவது கொஞ்சம் தடிமன், எல்சிடி திரை, ஐபி54. பக்கவாட்டு சென்சாரில் பத்துக்கு ஏழு முறை திறந்தது, மற்ற நேரம் பின் எண் போட்டுக்கொள்கிறேன் என்றார். தட்டில் மூன்று குழி. 128 ஜிபி, யூஎஃப்எஸ் 2.2, நிஜ ரேம் 6. 4ஜி வரியில் 28 இருந்தது. இயர்போனைச் செருகி ரேடியோ செயலியைத் திறந்ததும் கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார், யாரும் இப்படிச் சோதிப்பதில்லையாம். வெளியாகி ஐந்து மாதம்தான் ஆகிறது, பாதுகாப்பு அப்டேட் 4 ஆண்டு. விலை 14,499. ஐபி எண் குறைவு என்று தெரிந்தே வாங்கினோம், ஜிப் கவர் இரண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சர்வீஸ் பொள்ளாச்சியில் உண்டு.

ஞாயிறு மாலை ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பாவே அழைத்தார். போன் எந்தப் பேண்டைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் நெட்மான்ஸ்டர் செயலியை நான் முன்பே ஏற்றி வைத்திருந்தேன், ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். பிஎஸ்என்எல், 4ஜி, பேண்ட் 28. ஆனால் அழைப்பு மட்டும் 2ஜிக்கு இறங்கியது. ஐயா சொன்ன வோல்ட்டி ஞாபகம் வந்தது. அமைப்புகளில் இரண்டாவது சிம்முக்கு மட்டும் அது அணைந்து கிடந்தது. போட்ட பிறகு குரல் பக்கத்தில் இருந்து பேசுவது போல இருக்கிறது. நேற்று வீடியோ காலில் 14 நிமிடம் பேசினோம், வாசலுக்கு முதுகு காட்டித்தான், இருந்தும் முகம் தெரிந்தது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு முறை பேசும்போது திரை கறுப்பாகவே இருந்து, காதில் இருந்து எடுத்தும் எரியவில்லை என்கிறார்.

கவுண்டர்வாசி · புதன், இரவு 9.10

நிஜ சென்சார் உள்ள போன்தான், அதனால்தான் இந்தத் தொந்தரவு. கிளாஸின் மேல் விளிம்பு சென்சாரை மூடியிருக்கும், அல்லது இடையில் தூசியோ காற்றுக் குமிழோ நிற்கும். அப்பாவை அழைப்பு நேரத்தில் பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்கள், திரை வந்துவிடும். அடுத்த முறை கோவை வரும்போது மேலே வெட்டு விட்ட கிளாஸ் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். அதுவரை அந்தக் கிளாஸை எடுத்துவிட்டுக் கவரோடு மட்டும் பயன்படுத்தட்டும்.